'விடு' என்று சொல்லும்வரை

"வேகமா போனாலும் சூடேறாத பிரேக் பேடா போடுங்கண்ணே. பிரேக் ஆயிலும் ஒசத்தியா ஊத்துங்க. போன வருசம் குருசுக்குப்பத்துல ஒரு பொம்பள குறுக்க வந்துச்சு, பிரேக் பிடிக்கல. கேஸெல்லாம் முடிச்சிட்டோம்," என்றான் இளஞ்செழியன்.

அதில் செத்துப்போன அந்தப் பொம்பளை, உழவர்கரையில் இந்தப் பட்டறையை வைத்திருக்கும் செம்மலின் மனைவி கலைமகள். சமாதானம் பேச வக்கீல்தான் வந்தார். இளஞ்செழியன் அவள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை; செம்மலை அவனுக்கு அடையாளம் தெரியாது.

செம்மல் காரை ஜாக்கியில் ஏற்றினான். இருப்பதிலேயே நல்ல பேடைப் போட்டு, நல்ல ஆயிலை ஊற்றினான். பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற, ஒருவர் காருக்குள் பிரேக் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறக்கவேண்டும். மிதிப்பது எப்போதும் கலைமகள்தான். அவன் "விடு" என்று சொல்லும்வரை காலை எடுக்கமாட்டாள்.

பழக்கதோஷத்தில், "அழுத்து கலை," என்றுவிட்டான்.

ஆளில்லாத காருக்குள் பெடல் இறங்கியது. ஆயில் குமிழியோடு பீறிட்டது. திருகை மூடிவிட்டு "விடு" என்றான். பெடல் ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் அப்படியே நடந்தது.

டீ குடித்துவிட்டு வந்த இளஞ்செழியன் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். "கல்லு மாதிரி நிக்குதுண்ணே!" காரைத் தெருவுக்கு எடுத்தான்.

செம்மல் வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அழுத்து கலை."

எஞ்சின் அலறியது. எந்தப் பெடல் என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. தெருமுனை நெருங்கியும் காரின் பிரேக் விளக்கு சிவக்கவில்லை.

செம்மல் "விடு" என்று சொல்லவில்லை.