எல்லாருக்கும் ஒன்று

மறுபடியும் ஜெபசிங் அவனைத் தாண்டிப் போய்விட்டான்.

எதிர் சீட்டுக்காரருக்கு ஒன்று. பக்கத்து சீட்டு அம்மாவுக்கு ஒன்று. மேலே சாமான் பலகையில் கால் நீட்டிப் படுத்திருந்தவரைத் தட்டி எழுப்பி ஒன்று.

அவனுக்கு இல்லை.

ஜெபசிங் கையில் இருந்தவை மஞ்சள் நிறக் கைப்பிரதிகள். மேலே கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி. இன்றிரவு நீர் மரித்தால் எங்கே போவீர்?

பக்கத்து சீட்டு அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எடுத்ததுமே இப்பிடியா கேப்பிய தம்பி. வீட்டுல மாவு ஆட்டி வச்சிட்டு வந்திருக்கேன்."

ஜெபசிங் சிரித்தான். "தோத்திரம்மா" என்றுவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தான்.

கோவில்பட்டி தாண்டியாயிற்று. கடைசித் தேர்வு எழுதி, விடுதி அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் ஊர் திரும்புகிறார்கள். மணியாச்சியில் ஜெபசிங் இறங்கித் தூத்துக்குடி வண்டியைப் பிடிப்பான். அவன் இறங்காமல் நேரே திருநெல்வேலி.

அதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும்.

மூன்று வருடம் ஒரே அறை. ஒரே வாளி. ஒரே இஸ்திரிப் பெட்டி. ஒருநாள்கூட ஜெபசிங் அவனிடம் இயேசு என்று ஆரம்பித்ததில்லை.

இதில் ஏதோ இருக்கிறது.

விடுதியில் ஜெபசிங் கொடுக்காத ஆளே கிடையாது. வார்டனுக்குக் கொடுத்தான். மெஸ் மாஸ்டருக்குக் கொடுத்தான். அடுப்பு பற்றவைக்க அவர் இன்னும் பத்து கேட்டார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த நான்கு பேருக்கு, "வாங்கிக்கிடுங்க சாமி" என்று முறைப்படி மரியாதையோடு கொடுத்தான். எல்லாரையும் இயேசுவுக்குச் சீஷராக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டளையாம்.

அந்த எல்லாரும் சரியாக அவன் கட்டிலுக்கு ஓரடி முன்னால் முடிந்துவிட்டார்கள்.

முதல் வருடம், இது பெரிய தூண்டில் என்று நினைத்தான். அவன் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது ஜெபசிங் பதினாறு நாள் கஞ்சி கொண்டு வந்தான். அடியில் எங்காவது ஒரு வசனம் ஒட்டியிருக்கும் என்று டம்ளரைத் தூக்கிப் பார்த்தான்.

விடுதியின் பெயர்தான் இருந்தது.

இரண்டாம் வருடம் பதில்களைத் தயார் செய்து வைத்தான். அதில் ஒன்று நிஜமாகவே நல்ல பதில். இரண்டு வாரம் உழைத்தது. கேட்க ஆள் வராமல் ஊசிப்போயிற்று.

மூன்றாம் வருடம்தான் உறைத்தது. பயல் அவனைப் பரலோகத்தில் எதிர்பார்க்கவே இல்லை. இது தேறாது என்று பேரை அடித்துவிட்டான்.

அல்லது, அங்கேயும் இந்தக் குறட்டையா என்று யோசித்திருக்கலாம்.

அவனுக்குப் பரலோகத்தில் நம்பிக்கை இல்லை. போகப்போவதும் இல்லை. போகாத கல்யாணம்தான். அதற்காகப் பத்திரிகை வைக்காமல் விடலாமா.

கடம்பூரில் போளி விற்பவர் ஏறினார். ஜெபசிங் அவருக்கும் ஒன்று கொடுத்தான். அவர் அதன்மேலேயே இரண்டு போளியை வைத்து பக்கத்து சீட்டு அம்மாவிடம் நீட்டினார்.

ஜெபசிங் எதிரே வந்து உட்கார்ந்தான். கையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எனக்கு?"

கேட்டது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

"தீந்துட்டுல" என்றான் ஜெபசிங். சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தான். மிச்சமிருந்ததைத் தொடைக்கு அடியில் தள்ளினான்.

"மூணு வருசமா எனக்கு மட்டும் கெடையாது. என்னல நெனச்சிக்கிட்டிருக்க?"

ஜெபசிங் சன்னலுக்கு வெளியே பார்த்தான். கருவேல மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிற குரல். இப்போது எதிர் சீட்டுக்கு வந்து சேரவே சிரமப்பட்டது.

"வாங்குதவிய யாரும் படிக்கமாட்டாவ, மக்கா. நீ படிச்சிருவ. படிச்சிட்டு, இது நெசமாலன்னு எங்கிட்ட கேப்ப."

அவ்வளவுதான் சொன்னான்.

பக்கத்து சீட்டு அம்மா போளியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

அவன் கையை நீட்டினான்.

ஜெபசிங் தொடைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினான். கொடுத்தான். கொடுத்த பிறகும் ஓரத்தை விடவில்லை. லேசாக இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

முதல் பக்கம்.

வண்டி வேகம் குறைந்தது. ஜெபசிங் எழுந்து பெட்டியை இறக்கினான்.

இரண்டாம் பக்கம்.

மணியாச்சி. இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கி, எதிர் நடைமேடையில் நின்ற தூத்துக்குடி வண்டியைப் பார்த்து ஓடினார்கள். ஜெபசிங்கும் இறங்கினான்.

ஓடவில்லை.

மூன்றாம் பக்கம்.

சன்னலுக்கு வெளியே வந்து நின்றான். பெட்டியைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ரிசல்ட் ஒட்டிய பலகையில் தன் நம்பரைத் தேடுகிறவனைப் போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நிமிராமலே அது தெரிந்தது.

தூத்துக்குடி வண்டி ஊதியது.

"போயி ஏறுல, வண்டி போயிரும்" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குத் தலையைத் தூக்க வேண்டும். தூக்கினால் தன் முகத்தில் என்ன இருக்கிறது என்று ஜெபசிங் பார்த்துவிடுவான்.

தூக்கவில்லை.

பக்கத்தைத் திருப்பினான்.

திருநெல்வேலி வண்டி அசைந்தது. கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. நடைமேடை முடிந்து, கருவேல மரங்கள் மறுபடி தொடங்கும்வரை, அவன் நிமிராமல் படித்துக்கொண்டே இருந்தான்.

நான்காம் பக்கத்தில் அச்சகத்தின் முகவரி மட்டும்தான் இருந்தது.