எதிர்கால வினைமுற்று

“இந்தப் பிள்ளை சாகப்போகுது சார்.”

சுதாராணி டீச்சர் நீட்டிய நோட்டைத் தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணன் வாங்கினார். பதினொன்றாம் வகுப்பு செல்வமாரியின் தமிழ் நோட்டு. ஆளுக்கொரு சிறுகதை எழுதி வாருங்கள், அதன் கருவையும் நடையையும் வகுப்பில் அலசலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தாள்.

கதை ஒரு பக்கம்கூட இல்லை.

‘சனிக்கிழமை அவர் ஆட்டுச் சந்தைக்குப் போவார். வர ராத்திரி ஆகும். அவள் வாசலைப் பெருக்குவாள். கோழிகளுக்கு இரை போடுவாள். காய்ந்த துணியை மடித்து வைப்பாள். வெயில் தாழ்ந்ததும் பருத்திக்காட்டு வழியே கிணற்றுக்குப் போவாள். குடம் கொண்டுபோக மாட்டாள்.’

தலைமையாசிரியர் கடைசி வரியை இரண்டாம் முறை படித்தார். “சினிமா பாத்து எழுதியிருப்பா டீச்சர். கதைதான?”

“மத்த பிள்ளைக எல்லாம் போனாள், வந்தாள்னு நடந்து முடிஞ்சதா எழுதியிருக்கு. இவ மட்டும் போவாள், வைப்பாள்னு முடிக்கா. இது கதையில்ல சார், திட்டம். ‘அப்பா’ன்னு எழுத மனசு வராம ‘அவர்’னு போட்டிருக்கா, பாருங்க.”

“இதுக்கு முந்தி இப்படி எழுதியிருக்காளா?”

“எங்க! கட்டுரைன்னா நோட்ஸ்ல உள்ளதை அப்படியே இறக்கி வைப்பா. ‘இயற்கை அன்னையின் எழில்மிகு மடியில்’னுதான் ஆரம்பிப்பா. இதுல ஒரு அலங்காரம் கிடையாது. தாங்க முடியாத வேதனை வந்தாத்தான் நடை இப்படிச் சுத்தமாகும்.”

செல்வமாரியின் அப்பா மாடக்கண்ணு, தன் அக்கா மகனுக்கு அவளை முழுப்பரீட்சை முடிந்ததும் கட்டிவைக்கப் போகிறான் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லத் தலைமையாசிரியர் போன் போட்டார். திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை.

மறுநாள் காலை, புதூர் தாண்டி மண் பாதையில் டீச்சரின் ஸ்கூட்டி திணறியது. முந்தின நாள் மழையில் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. வண்டியை ஒரு வேம்படியில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பருத்திக்காட்டுக்கு நடுவே கிணறு தெரிந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

செல்வமாரி வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் டீச்சருக்கு மூச்சு வந்தது.

அம்மா வேலுத்தாயும் வீட்டில்தான் இருந்தாள். இடது முழங்கை வீங்கிக் கன்றியிருந்தது. டீச்சர் பார்ப்பதைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“தீப்பெட்டி ஆபீசுக்குப் போகலியாம்மா?”

“இல்ல டீச்சர். வீட்டுல கொஞ்சம் சோலி கிடக்கு.”

மகளுக்குக் கேட்காதபடி டீச்சர் அவளை உள்ளே அழைத்துப் போனாள். கதையைப் பற்றிச் சொல்லி அவளைக் கலங்கடிக்க மனமில்லை. “கோவில்பட்டி ஹாஸ்டல்ல இவளைச் சேத்து விடுதேன். அங்கன எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. இப்பவே கூட்டிட்டுப் போகணும். மாட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

அழுகை வரும், சண்டை வரும் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். வேலுத்தாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். உடுப்பு, ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாம் அதில் அடுக்கியிருந்தன.

“நீங்க வருவீயன்னு நெனச்சேன் டீச்சர்.”

“உங்க வீட்டுக்காரர் வந்து சத்தம் போடுவாரே?”

“அவியளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். இனி இந்தப் பிள்ளை மேல யாரும் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

மகளுக்குத் தலை சீவி, ரிப்பனை இரண்டு முடிச்சாகப் போட்டாள் வேலுத்தாய். கன்னத்தைத் தடவினாள். செல்வமாரி விசும்பியபோது அதட்டினாள்.

“ஏட்டி, எதுக்கு அழுத? படிக்கத்தான போற? திரும்பிப் பாக்காமப் போ.”

திரும்பிப் பார்த்தது டீச்சர்தான். வேலுத்தாய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள்.

கோவில்பட்டி விடுதிக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. ஒரு உயிரைக் காப்பாற்றிய நிம்மதியில் டீச்சர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள். விடுதிக் காப்பாளர் ரசியா நோட்டை வாங்கிப் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. செல்வமாரியை அருகில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, இந்த வயசுல இப்படியெல்லாம் எழுதலாமா? மனசுல என்ன இருக்கு, சொல்லு.”

செல்வமாரி விழித்தாள்.

“பயப்படாதே” என்றாள் டீச்சர். “இனி நீ அந்தக் கிணத்துப் பக்கமே போக வேண்டாம்.”

“நானா? நான் எதுக்கு டீச்சர் அங்க போறேன்?”

ரசியா நோட்டை அவள் முன்னால் விரித்தார். “அப்ப இந்தக் கதை?”

செல்வமாரி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுப்பாடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவளைப் போல அவள் குரல் இறங்கியது.

“எனக்கு வரலைன்னு, அம்மா சொல்லச் சொல்ல எழுதுனேன் டீச்சர்.”