மாடிவீடு

இணைய நிறுவனத்து ஆள் பழைய ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு, புதியதை மாட்டிவிட்டுப் போனார். கைபேசியும் டிவியும் புதியவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு உடனே சேர்ந்துவிட்டன. பிரிண்டர் மட்டும் "மாடிவீடு! மாடிவீடு!" என்று பழையவரின் பெயரையே சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அவர் போயாச்சுப்பா. இவரோட சேர்ந்துக்கோ," என்றது கைபேசி.

"ஏழு வருஷப் பழக்கம். சொல்லாமப் போகமாட்டார். நீ வேணும்னா ஆளுக்கு ஆள் தாவு!"

மதியம் அந்த வீட்டுத் தேன்மொழி, கைபேசியிலிருந்து மகளின் தேர்வு நுழைவுச்சீட்டை அச்சிட அனுப்பினாள். தாள் அசையவில்லை. "இன்னைக்கும் ஓடலைன்னா பழைய சாமான்காரர்கிட்டப் போட்டுடுவேன்," என்றாள். அப்போதும் பிரிண்டரின் வாயில் பழைய பெயர்தான் வந்தது.

புதிய ரவுட்டர் கைபேசியிடம் மெல்லச் சொன்னது: "என் பேரை மாடிவீடுன்னு மாத்தச் சொல்லு. கடவுச்சொல்லும் பழசே இருக்கட்டும்."

கைபேசி திரையில் காட்டிய வழியில் தேன்மொழி இரண்டையும் மாற்றினாள். சற்று நேரத்தில் நுழைவுச்சீட்டு சரசரவென்று வெளியே வந்தது.

"பாத்தியா, வந்துட்டார்!" என்றது பிரிண்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கண்ணே போயிருந்தீங்க?" என்று கேட்டது.

"இங்கேதான் இருந்தேன்," என்றது புதிய ரவுட்டர்.