ஆள் அடையாளம்

கனடா போவதற்காக வளர்மதியும் அவள் கணவன் இன்பராஜும் ஒரே ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். அன்றைய பாடம், ஒருவரின் தோற்றத்தை விவரிப்பது. வகுப்பில் இருக்கும் யாரையாவது பார்த்துச் சொல்லுங்கள் என்றார் எஸ்தர் மிஸ். இன்பராஜ் எழுந்து முன்வரிசையிலிருந்த ஃபெலிஷியாவைப் பற்றிச் சொன்னான். ஷி ஹேஸ் கர்லி ஹேர். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் டிம்பிள். முடி ஒதுங்கினால்தான் தெரிகிற பின்கழுத்து மச்சத்துக்குக்கூட அவனிடம் வார்த்தை இருந்தது. ஒரு பிழை இல்லை. "அப்படியே உங்க வைஃபையும் சொல்லுங்க" என்றார் மிஸ். அவன் வளர்மதியைத் திரும்பிப் பார்த்தான். "மீடியம் ஹைட்" என்றான். கொஞ்சம் யோசித்து, "மீடியம் கலர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வளர்மதிக்குக் காது சுட்டது. பதினோரு வருடமாக அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

அடுத்து அவள் முறை. "வகுப்புல இல்லாத ஆளைச் சொல்லலாமா மிஸ்?" என்று கேட்டுவிட்டு நிதானமாக ஆரம்பித்தாள். ஹி ஹேஸ் லாங் ஃபிங்கர்ஸ். தாடையில் சின்னத் தழும்பு. கோபம் வந்தால் ஒரு புருவம் மட்டும் உயரும். மிஸ் குறுக்கிட்டார். "இப்பவும் அப்படி இருக்கார்னா ஹேஸ். முன்னாடி பார்த்த ஆள்னா ஹேட் வரணும்மா."

"ஹேஸ்தான் மிஸ்" என்றாள் வளர்மதி.

வீடு திரும்பும்போது இன்பராஜ் பாதி வழியில் பைக்கை நிறுத்தி, பக்கக் கண்ணாடியை அவள் முகம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி கிளப்பினான்.