லைனில் ஒரு காது

"பேரெல்லாம் சொல்ல வேண்டாங்க. லைன்ல காது இருக்குது."

அந்தக் காது மருதாத்தாளுடையதுதான். ஆனைகட்டியிலிருந்து ரைஸ் மில்லுக்கு வந்த டிரங்க் காலை இணைத்துவிட்டு, பேச்சு சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் அவள் லைனில் இருந்தாள். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டபின் விலக யாருக்கு மனசு வரும்?

"அப்ப, நாத்து?" என்றது ஆனைகட்டிக் குரல். வயதான குரல்.

"தயாரா இருக்குதுங்க. வெள்ளிக்கெழம பன்னண்டு மணிக்கு மேல வாங்க." லைன் கரகரத்தது. "...ப் படையா வாங்க. அத மட்டும் மறந்துறாதீங்க."

"தெரியாதுங்களா? ஏழு பேரு ஜீப்புல வர்றோம். காரியம் கூடி வந்துச்சுன்னா கை நனைச்சுட்டுத்தான் திரும்பறது."

பேச்சு முடிந்தது. மருதாத்தாள் லைனைத் துண்டித்தாள்.

எமர்ஜென்சி நேரம். அந்த எல்லையோர ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் உரக்கத் தும்மக்கூடப் பயந்தார்கள். அட்டப்பாடிக் காட்டில் நக்சலைட் ஆட்கள் ஒளிந்திருப்பதாகப் பேச்சு. அந்தப் பக்கத்துப் பேச்சில் ஏதாவது பூடகமாகப் பட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் பாஸ்கல் கண்டித்துச் சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்ட ஒருத்தி வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

மருதாத்தாள் அப்படி உட்கார முடியாது. அப்பா ஆறுச்சாமி இழுப்பில் படுத்ததிலிருந்து காடு தரிசாகக் கிடக்கிறது. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்பதும் இதே வேலைதான். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டுக்காரர்களும், ஊரார் பேச்சை ஒட்டுக் கேட்கிற பெண் நமக்கு எதற்கு என்று எழுந்து போய்விட்டார்கள். இனிமேல் எவன் முன்னாலும் சிங்காரித்துக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று அவளும் அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். அந்த அவமானம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது இந்த வேதனை வேறு. நாற்று என்றால் துப்பாக்கியா, வெடியா? படை திரட்டி வந்து யாருடைய ரத்தத்தில் கை நனைக்கப் போகிறார்கள்? சொன்னால் எவனையோ போலீசில் பிடித்துக் கொடுத்த பாவம். சொல்லாவிட்டால் வேலை போகும், ஒரு உயிரும் போகலாம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா செல்லாத்தாள் வாசல்வரை வந்தாள்.

"கண்ணு, மத்தியானம் அர நாள் லீவு சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துரு. அப்பனுக்கு வைத்தியரு வர்றாரு."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். போன கையோடு லீவு கேட்கத்தான் பாஸ்கல் முன்னால் நின்றாள். வாயைத் திறந்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. நாற்று, படை, ஏழு பேர், ஜீப், கை நனைப்பது எல்லாவற்றையும் சொன்னாள்.

பாஸ்கலின் முகம் வெளுத்தது. அவரே போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு அவளை மெச்சினார். ஆனால் லீவு கிடையாது, இன்றைக்கு போர்டை விட்டு அசையவே கூடாது என்றார்.

மருதாத்தாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜீப் வருகிற சத்தம் கேட்டபோதெல்லாம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வராமலே போய்விட்டால் தேவலை என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

மத்தியானம் சாய்ந்தபின் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள். அதே வயதான குரல்.

"அம்மிணி, ரைஸ் மில்லுக்கு ஒரு லைன் போட்டுக் குடு சாமி. தரகர் குப்பண்ணன் அங்கதான் இருப்பாரு. அவரு வந்து சொன்னாத்தான் எங்கள உடுவாங்களாமா."

தரகர் என்றதும் அவள் கை அப்படியே நின்றது. கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"பொண்ணுப் பாக்க ஒத்தப்படையாத்தான வரோணும்? ஏழு பேரு வந்தது குத்தமாமா. பூவையும் பழத்தையும் கொட்டிக் கெளர்றாங்க. பொண்ணு ஆறுச்சாமி மவ. முன்னாலயே தெரிஞ்சா வந்து நிக்காதுன்னு சொன்னாங்க, அதான் பொண்ண நாத்துன்னு மறைச்சுப் பேசிக்கிட்டோம். ஒட்டுக் கேக்கற புள்ளைன்னு ஊருல சொல்றாங்கன்னேன். எங்க பையன், அது அதோட சோலியத்தான பாக்குது, கட்டுனா அந்தப் புள்ளையத்தான்னு நின்னுட்டான்."

ஆறுச்சாமியின் மகள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் பெரியவரின் குரல் தணிந்தது.

"அந்தப் புள்ளைக்கு உங்க ஆபீசுலதானாமா வேல. இன்னைக்கு லீவு போட்டு ஊட்டுல இருக்கும். நாளைக்கு வந்தா, எவளோ ஒட்டுக் கேட்டு எங்கள மாட்டி உட்டத மட்டும் அது காதுல போட்டுறாத அம்மிணி. பாவம், மனசு ஒடைஞ்சு போயிரும்."