கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது

"வண்டி சரியானதும் என்னை அண்ணன் வீட்டுல கொண்டு போய் விட்டுடுங்க. அப்புறம் நீங்க இந்த வண்டியோடயே குடித்தனம் நடத்துங்க."

பெட்டியை ஷெட் வாசலில் தொப்பென்று வைத்துவிட்டுச் சொன்னாள் மனைவி. ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத வீட்டில் இவ்வளவு நீளமாக அவள் பேசியதே பெரிய விஷயம். டிரக்குக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த கணவனுக்குப் பாதி சந்தோஷம், பாதி பகீர். அவள் பெட்டி அடுக்கும் சத்தம் நேற்று ராத்திரியே அவன் காதில் விழுந்திருந்தது.

சண்டைக்குக் காரணமே அந்த டிரக்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் நாலு அங்குலம் உயர்த்தி, பெரிய பெரிய டயராகப் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். அன்றிலிருந்து கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது.

"என்னங்க, இப்படி ஆடுதே?" என்று அவள் கேட்டதற்கு, பின் சீட்டில் நண்பர்கள் இருக்கும்போதே, "உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? வாயை மூடிட்டு உட்காரு" என்று சொல்லிவிட்டான். வாயை மூடியவள்தான். அப்புறம் திறக்கவே இல்லை.

"விடுறேன்" என்றது அடியிலிருந்து குரல். "ஆனா இதைத் தனியாளா பார்க்க முடியாது. மேல ஒருத்தர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பணும். கீழ ஒருத்தர் படுத்துக்கிட்டு எந்த மூட்டு ஆடுதுன்னு பார்க்கணும்."

"மேல உட்கார்றவங்களுக்கு வண்டியைப் பத்தி ஏதாவது தெரிஞ்சிருக்கணுமோ?"

கணவன் ஸ்பேனரைத் தேடுவதில் மும்முரமானான். அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

அவள் ஸ்டூலைப் போட்டு, கதவைப் பிடித்து, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தாள். "வண்டியா இது? மாடி வீடு."

"எஞ்சினைப் போடாதே. சாவியைப் போட்டு லாக்கை மட்டும் எடு. ம்... கொஞ்சம் இடது."

"இடது."

"கொஞ்சம் வலது."

"வலது. ஆடுதா?"

"ஆடுது, ஆடுது! சக்கரத்தைத் திருப்புற டை ராட் கம்பியோட மூட்டு நல்லாவே ஆடுது. இரு, முறுக்குறேன்."

ஸ்பேனர் சத்தம் கேட்டது.

"இப்போ இடது... வலது... அது நின்னுடுச்சு. இப்போ பக்கத்து மூட்டு ஆடுது."

இப்படியே மூட்டு மூட்டாகப் போனது வேலை. ஒன்றை இறுக்கினால் அடுத்தது ஆடியதாம். அடுத்ததை இறுக்கினால் பழையதே மறுபடி ஆடியதாம். ஒரு வண்டிக்கு இத்தனை மூட்டா என்று அதைச் செய்தவனே மலைத்துப் போயிருப்பான். நடுநடுவே, "தண்ணி குடிச்சியா?" "ம்." "வெயில் அடிக்குதா?" "ம்" என்று பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. அண்ணன்தான்.

"இன்னும் கிளம்பலைண்ணா. வண்டி சரியாகலை... என்னது, நீ வர்றியா? இப்பவேவா?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. மச்சான் வந்துவிட்டால் பெட்டி ஏறிவிடும். ஏறின பெட்டி இந்த வீட்டுக்கு எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

"வேணாம்ணா. நான் பாதியில எழுந்து வர முடியாது. நான் திருப்பினாத்தான் எது ஆடுதுன்னு இவருக்குத் தெரியும். முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன்."

கணவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகம் தெரியாமல் படுத்திருப்பதும் ஒரு விதத்தில் வசதியாகத்தான் இருந்தது.

"ஏம்மா..."

"இடதா, வலதா?"

"ரெண்டும் இல்லை. அன்னைக்கு ஃப்ரெண்ட்ஸ் முன்னால உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என் பேர்லதான். உன்னைக் கேட்காம வண்டியைத் தூக்கினதும் தப்புதான்."

மேலே மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது.

"வலதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"வலது."

"ஆச்சு. ஆடுதா?"

"பயங்கரமா ஆடுது! இன்னைக்குள்ள முடியாது போலிருக்கே. நாளைக்கும் பார்க்கணும்."

"பார்த்துக்கலாம். முதல்ல வெளிய வாங்க. பசிக்குது எனக்கு. அந்தப் பெட்டியையும் உள்ள கொண்டு போய் வைங்க."

கணவன் மூக்கெல்லாம் கிரீஸோடு ஊர்ந்து வெளியே வந்தான். கை கொடுத்து அவளை இறக்கிவிட்டான். இறங்கியவள் அவன் கையை விடாமல், ஒரு வாரத்துக்கு அப்புறம் முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அப்போலேர்ந்து ஆடுது, ஆடுதுன்னு சொல்லிட்டே இருந்தீங்களே, எது ஆடிச்சு? நான் கையைக் கட்டிட்டுல்ல உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கை ஒரு தடவைகூடத் தொடலையே!"

"அது எனக்குத் தெரியாதா? என் மூக்குக்கு நேர் மேல இருந்த கம்பி ஒரு நூல்கூட அசையலை" என்றான் கணவன், பெட்டியைத் தூக்கிக்கொண்டே. "வண்டியை மெக்கானிக் நேத்து சாயங்காலமே சரி பண்ணிக் கொடுத்துட்டாரு."