குடிகாரன் வேஷம்

சாப்பாட்டுத் தட்டு பறந்து வந்து சுவரில் மோதியது. "ஆம்பளை நான் ஒருத்தன் இருக்கும்போது உனக்கு என்னடி வேலை?" என்று தள்ளாடிக்கொண்டே கத்தினான் அவன்.

"நிறுத்துங்க" என்று எழுந்துவிட்டாள் கிரேன்காரி.

ஷூட்டிங் அப்படியே நின்றது. அங்கே நிறுத்தச் சொல்லும் உரிமை டைரக்டர் ஒருவருக்குத்தான். ஆனால் எடுக்கிற படமே இவள் கதையாச்சே, யார் என்ன சொல்ல முடியும்? துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வந்த முதல் பெண். பதினாறு வருஷமாக ஏழு மாடி உயரத்துக் கூண்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிறவள். அங்கே எல்லாரும் கூப்பிடுவது கிரேன்காரி என்றுதான். படப்பிடிப்பைப் பார்க்க வேண்டும் என்று ஆசை ஆசையாய் ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"யாரு இந்த ஆளு?"

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "உங்க வீட்டுக்காரர்க்கா. படத்துல."

"என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு குடிச்சதில்ல. என்மேல கை ஓங்கினதில்ல. என்கிட்ட கதையைச் சுருக்கமா சொன்னப்ப இப்படி ஒரு ஆளே கிடையாதே?"

"நடுவுல சின்ன மாத்தம்க்கா. அது வந்து..." என்று இழுத்தார்.

"நான் வேணாம்னு சொன்னா படம் நின்னுடும், தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. ஆனா சாரே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்று ஃபைலைத் திறந்து காட்டினார்.

'என்னைக் குடிகாரனாகக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று டைப் அடித்த கடிதம். கீழே சாட்சாத் அவள் புருஷன் கையெழுத்தேதான்.

உடனே அவருக்கு மூன்று தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. தையல் மிஷின் சத்தத்தில் அந்த மனுஷனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி பொருமிக்கொண்டே வந்தாள். எவன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவதா? இப்படியும் ஒரு வாயில்லாப் பூச்சி உண்டா?

வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டு, சமைத்து, மகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று தெருவே பேசியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கிரேன் படியில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாசம் கிடந்தாளே, அப்போது குளிப்பாட்டித் தலைவாரி விட்டது யார்? அந்த மனுஷனுக்கு இப்போது குடிகாரன், பொண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஊரறியப் பட்டம் கட்டப்போகிறார்கள்.

இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். பஸ் போகிற வேகம் அவளுக்குப் போதவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பார்த்துட்டியா?"

"பார்த்தேன். தட்டை வீசுறீங்க. என்னை 'டி' போட்டுக் கத்துறீங்க. எதுக்குங்க கையெழுத்துப் போட்டீங்க? மிரட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்ல. முதல்ல உட்காரு."

"உட்காரமாட்டேன். இப்பவே போன் பண்ணி முடியாதுன்னு சொல்லுங்க. இல்லாட்டி நான் படத்தையே வேணாம்னு சொல்லிடுவேன். ஊரு உங்களைப் பேசினது பத்தாதா? பொண்ணு காலேஜ்ல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா?"

"அந்த லெட்டரை டைப் அடிச்சுக் கொடுத்ததே அவதான்."

"என்னது?"

"டைரக்டர் மேல கோவப்படாதே. என்னைக் குடிகாரனா எழுதச் சொன்னது நான்தான். உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே."

அவள் மிஷின் அருகே வந்து நின்றாள்.

"போன மாசம் நீ டியூட்டிக்குப் போயிருந்தப்ப அவரு வந்து முழுக் கதையும் படிச்சுக் காட்டினாரு. அதுல நான் சொக்கத்தங்கம். நீ இடுப்பு ஒடிஞ்சு கிடக்குற. 'இனிமே என்னால ஆகாதுங்க'ன்னு அழற. நான் ரெண்டு பக்கத்துக்கு வசனம் பேசுறேன். அதைக் கேட்டுத்தான் உனக்குத் தைரியமே வருது."

"நான் எப்பங்க அழுதேன்? டாக்டரே வேணாம்னு சொல்லியும் போயே தீருவேன்னு நின்னவ நான்."

"அதைத்தான் நானும் சொன்னேன். கேட்டாத்தானே? கடைசி சீன்ல நீ கிரேன் மேல ஏறிப் போற. கேமரா கீழ நிக்கிற என் மூஞ்சியையே காட்டுதாம். தியேட்டரே எழுந்து நின்னு கை தட்டும்னாரு. யாருக்குன்னு கேட்டேன். 'உங்களுக்குத்தான் சார், மனைவியை உயர்த்தின மனுஷனாச்சே'ங்கிறாரு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப என்னைத் தூக்கிடுங்க, நான் இல்லாமலே எடுங்கன்னேன். புருஷன் இல்லாம கதை நிக்காதாம். தியாகியா, குடிகாரனா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்னாரு."

"அதுக்காக? நல்லவர்னே இருந்துட்டுப் போகட்டுமே. உள்ளதுதானே அது?"

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

"நான் நல்லவன்னு காட்டினா, நீயாத்தான் ஜெயிச்சேன்னு ஒருத்தனும் நம்பமாட்டாம்மா."